தம்பிக்குப் பதினாறாம் இடம்

கண்டி நீதிமன்றத்தில் றுமைஸாவை எல்லோரும் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். உரைபெயர்ப்பாளர்களுக்குப் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆள் பெண் என்றாலும் பெயர் மாறுவதில்லை. தமிழில் சாட்சி சொல்பவரின் பேச்சைச் சிங்களத்தில் நீதவானுக்குச் சொல்வதும், நீதவான் கேட்பதைத் தமிழில் சாட்சிக்குச் சொல்வதும் அவருடைய வேலை. சாட்சி "நான் அடிச்சேன்" என்றால் அவரும் "நான் அடித்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அடித்ததாக இவர் சொல்கிறார்" என்று சேர்க்கக் கூடாது. பொய் என்று தெரிந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. உண்மை என்று தெரிந்தால் அதையும் காட்டக் கூடாது.

ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எவ்வளவோ பேருக்காக நான் நான் எண்டு சொல்லீக்கிறன், தம்பி. எனக்கி எண்டு ஒரு அபிப்பிராயம் சொல்ல எடமில்ல."

அந்த இடம் அவருக்கு எங்கள் நாடக விழாவில் கிடைத்தது.

என் பெயர் திலக்ஷன். கண்டியில் ஒரு அச்சகத்தில் சுவரொட்டிகள் வடிவமைக்கிறேன். தை மாதக் கடைசியில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து மூன்று நாள் நாடக விழா ஒன்று நடத்துகிறோம். அரசாங்க விழாவில் இடம் கிடைக்காதவர்கள், இடம் கேட்கவே போகாதவர்கள், முதன்முதலாக மேடை ஏறுபவர்கள், யார் வேண்டுமானாலும் வந்து போடலாம். தேர்வு கிடையாது. பெரிய மண்டபமும் கிடையாது. மூடிய கராஜ், தையல் வகுப்பு நடக்கும் அறை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய களஞ்சியம், சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி என்று நகரத்தின் மூலைகளில்தான் நாடகங்கள் நடக்கும். அதனால் மூலை விழா என்று பெயர் வந்துவிட்டது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். சில நாடகங்களில் ஒரு மொழியும் இருக்காது.

முதல் வருடம் றுமைஸா தற்செயலாகத்தான் வந்தார். வழக்குகள் சீக்கிரம் முடிந்து, மழைக்கு ஒதுங்கிய இடம் தையல் வகுப்பு. உள்ளே இரண்டு பெண்கள் சிங்களத்தில் ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அடுத்தது எங்கே என்று என்னிடம் கேட்டார். அன்று மாலைவரை நான் அனுப்பிய இடமெல்லாம் போனார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் முடிந்ததும், பார்த்த நாடகங்கள் எல்லாவற்றையும் முதலாவதிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்தி முகநூலில் போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வசனம். எங்களில் ஒருவருக்கும் அப்படி ஒன்று எழுதத் துணிவு வந்திருக்காது.

"ஐந்தாவது: தகரக் கூரையில் மழை கொட்டியதால் கடைசிப் பகுதி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை." "பன்னிரண்டாவது: கதாநாயகன் செத்த பிறகுதான் நன்றாக நடிக்கிறார்." கடைசி இடத்துக்கும் எழுதினார்: "இவர்கள் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு தடவையும் யோசிக்கவில்லை. அடுத்த வருடம் யோசித்தால் நான் முன்வரிசையில் இருப்பேன்."

கடைசி இடம் கிடைத்த குழு கோபித்துக்கொள்ளும் என்று பயந்தோம். அவர்கள் மறு வருடச் சுவரொட்டியில் 'சென்ற விழாவில் கடைசி இடம் பெற்றோர் வழங்கும்' என்று என்னை அச்சடிக்கச் சொன்னார்கள். அந்த நாடகத்துக்குத்தான் கதிரை போதாமல் ஆட்கள் தரையில் இருந்தார்கள். றுமைஸா சொன்னபடி முன்வரிசையில் இருந்தார். அந்த வருடம் அவர்களுக்கு ஒன்பதாம் இடம்.

பிறகு அவருடைய வரிசைக்காக மக்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். விழாவுக்கு வராதவர்கள்கூட அதை வாசித்தார்கள். அவர் தனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். பார்க்காததைப் பற்றி எழுத மாட்டார். எவ்வளவு மோசமென்றாலும் பாதியில் எழும்ப மாட்டார். இரண்டு நாடகங்களுக்கு ஒரே இடம் கொடுக்க மாட்டார். ஏன் கடைசிவரை போட வேண்டும், நல்லவற்றை மட்டும் எழுதினால் போதாதா என்று ஒருவர் கேட்டதற்கு, அப்படியானால் அது வரிசை அல்ல, வாழ்த்து மடல் என்றார்.

அலவத்துகொடையில் அவருடைய வீடு. கணவர் பாரூக்குக்கு அக்குறணையில் இரும்புச் சாமான் கடை. பாரூக்குக்கு நாடகம் பிடிக்காது. ஒருமுறை மனைவியோடு வந்து கதிரையில் நன்றாகத் தூங்கினார். மனைவி தனியாக நாடகம் பார்க்க அலைவதைப் பற்றிச் சொந்தக்காரர் ஒருவர் ஜாடையாகப் பேசியபோது, அவ நீதிமன்றத்திலயும்தான் தனியாக நிற்கிறா, அங்க போய்ச் சொல்லுங்க என்று முடித்துவிட்டாராம். விழா நடக்கும் மூன்று நாளும் வீட்டில் சமையல் அவர்தான்.

நான்காம் வருடம் றுமைஸாவின் தம்பி ஷாமில் ஒரு நாடகத்துக்குப் பெயர் கொடுத்தான். பன்னிரண்டு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே என்ன வேலை, எப்படி இருந்தாய் என்று யார் கேட்டாலும் "நல்லா ஈந்திச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வான். நாடகத்தின் பெயர் 'எட்டுக் கட்டில்'. அவனே எழுதி, அவன் மட்டுமே நடிப்பது. வீட்டில் ஒருவருக்கும் கதை தெரியாது. "சனிக்கிழமை பின்னேரம், ராத்தா. வருவீங்கதானே" என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நடந்தது. முன்வரிசையில் அக்கா தம்பி இருவரின் உம்மாவும் ஷாமிலின் மனைவி பஸ்லினாவும். றுமைஸா இரண்டாம் வரிசை. நான் கதவருகே நின்றேன்.

எட்டுப் பேர் தூங்கும் ஓர் அறை. பக்கத்துக் கட்டிலில் ராஜா என்று தெல்தோட்டையைச் சேர்ந்த ஒருவன். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து படுத்தவன், விடியற்காலை வேலைக்கு எழுப்பியபோது எழும்பவில்லை. கம்பனிக்காரர்கள் வந்து ஒரு தாளில் இருதய நோய் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவனுடைய சாமான்களை ஒரு பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்பும் வேலை ஷாமிலிடம் விடப்பட்டது. உடுத்திய இரண்டு சேட்டு, மகளுக்கு வாங்கிய ஒரு விளையாட்டுக் கார், ஒரு சோடி செருப்பு. அன்று இரவே அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டான்.

கதை இதுதான். ஆனால் ஷாமில் செருப்பைக் கையில் எடுத்ததுமே ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் தொடங்கியது. பிறகு அது நிற்கவேயில்லை. அவன் முழங்காலில் விழுந்து அழுதான். அழுது முடித்து எழும்பி, எங்களைப் பார்த்து வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேச்சுப் போல நீளமாக ஏதோ சொன்னான். மேல்மாடியில் பாதிப் பேர் அழுதார்கள். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். உம்மாவால் எழும்ப முடியவில்லை. றுமைஸாவும் கைதட்டினார். பிறகு தம்பியிடம் போய், "தண்ணி குடி மொதல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாடகம் முடிந்து, களஞ்சியத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் நான் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, தம்பிட நாடகத்த மட்டும் விட்டுடுங்களேன். சொந்தக்காரர்ன்னு ஒரு வரி போட்டாப் போதும். ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவர் கையிலிருந்த கதிரையை அடுக்கின் மேல் வைத்தார். "விட்டா என்ன அர்த்தம், தம்பி? அது நாடகமில்ல, எங்கட வீட்டுக் கவல எண்டு அர்த்தம். அவன் நாடகம் எண்டுதானே கொண்டு வந்தான்."

அன்று மாலை வரிசை வந்தது. பத்தொன்பது நாடகங்கள். "பதினாறாவது: எட்டுக் கட்டில். இந்த விழாவில் சொல்லப்பட்ட மிகப் பெரிய விஷயம் இதில்தான் இருந்தது. சொன்னவர் அதை நம்பாமல் புல்லாங்குழலை நம்பிவிட்டார். சொன்னவர் என் தம்பி."

கல் மனசு என்று ஒருவர் கீழே எழுதினார். தன் நேர்மையைக் காட்டத் தம்பியைப் பலி கொடுத்துவிட்டார் என்று இன்னொருவர். பஸ்லினா குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிப் போனாள். உம்மா நேரிலேயே வந்து கேட்டிருக்கிறார். ஊரில் இருக்கிற எல்லாருடைய வழக்கையும் கேட்டுக் கேட்டு உன் மனசு காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைத் தொடாமல் போய்விட்டாராம். ஷாமில் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அந்த நாட்களில் ஒருமுறை றுமைஸா அச்சகத்துக்கு வந்தார். வேலை ஒன்றும் இருக்கவில்லை. சும்மா வந்து இருந்தார். அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை. பத்தொன்பதையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்ததாகச் சொன்னார். பதினாலாம் இடம் கொடுத்திருக்கலாம், அதற்கு மேல் முடியாது. ஆனால் அவரை அரித்தது அதுவல்ல. பன்னிரண்டு வருடமாகத் தனக்குச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் அவர் கேட்க வேண்டி வந்தது. அந்தக் கோபத்தில் இரண்டு இடம் இறக்கிவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை என்றார். நாடகத்தைப் பற்றிச் சொன்னது சரி, இடத்தைப் பற்றித்தான் சத்தியம் பண்ண முடியாது என்றார்.

நோன்பு தொடங்கியது. மற்ற வருடங்களில் ஷாமிலும் குடும்பமும் அடிக்கடி ராத்தா வீட்டில்தான் நோன்பு திறப்பார்கள். இந்த முறை ஒருநாளும் வரவில்லை. பாரூக் இரண்டு தடவை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதத்தில்தான் வேனை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்காக ஷாமில் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருந்தது. தன் பெயரைக் கூப்பிடும்வரை பின்னாலிருந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தான். அன்று சாட்சிக் கூண்டில் பாலம்மா என்ற தேயிலைத் தோட்டத்து அம்மா. லொறி மோதி அவருடைய மகன் இறந்த வழக்கு. அவர் பார்த்ததைச் சொன்னார். "நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கலை. சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போனேன். ஒரு கையி மண்ணுக்குள்ள இருந்துச்சு." அந்த அம்மா நிறுத்தி நிறுத்திச் சொல்ல, பக்கத்தில் நின்ற றுமைஸா அதே அளவு சொற்களில், அதே இடங்களில் நிறுத்தி, சிங்களத்தில் சொன்னார். நான் கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தாள் புரட்டிக்கொண்டிருந்த சட்டத்தரணிகள் நிறுத்திவிட்டார்கள். பின்னால் பேசிக்கொண்டிருந்த பொலிஸ்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

தன் அக்கா வேலை செய்வதை ஷாமில் அதற்கு முன் பார்த்ததில்லை.

இடைவேளையில் வெளியே மரத்தடியில் நின்று, அவர் வந்ததும் கேட்டிருக்கிறான்: "நீங்க அழவேயில்லையே, ராத்தா."

"அந்த அம்மா அழல்லயே. நான் அழுதா எல்லாரும் என்னயத்தான் பாப்பாங்க. அவ சொன்னத யாரு கேக்குற?"

இரண்டு பேரும் நோன்பு. குடிக்கவோ சாப்பிடவோ போக வழியில்லை. அப்படியே நின்றார்கள். அவன், என் நாடகத்தில் எந்த இடத்தில் நீங்கள் கேட்பதை விட்டீர்கள் என்று கேட்டான். செருப்பை எடுத்தபோது என்றார் அவர். அதுவரைக்கும் அந்த அறையில் நானும் இருந்தேன், குழல் தொடங்கியதும் மேல்மாடிக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவரும் ஒன்று கேட்டார். "எனக்கி ஏன்டா சொல்லல்ல?"

"சொல்லப் போனா அந்தச் சாமான் கட்டினதுதான் ஞாபகம் வருது. ஒங்களுக்கு முன்னுக்கு அழுதா, பொறகு எப்பவும் என்னயப் பாத்தா ஒங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். அதான்."

இன்னொன்றையும் அப்போதுதான் சொன்னான். ராஜா என்பது ராஜலிங்கம். வீடு தெல்தோட்டைக்குப் பக்கத்துத் தோட்டத்தில். திரும்பி வந்து இவ்வளவு காலமாகியும் அங்கே ஒருமுறையும் போனதில்லை. பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பலாம். போக முடியவில்லை.

பெருநாள் கழித்து இருவரும் போனார்கள். வேனில் போகலாம் என்று றுமைஸா சொன்னதற்கு, ஓட்டுகிற நிலையில் இருக்க மாட்டேன் என்று ஷாமில் பஸ்ஸிலேயே கூட்டிப் போனான். அங்கே நடந்ததை இருவருமே எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

ராஜலிங்கத்தின் மனைவி யோகேஸ்வரி தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறார். மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். கூட வேலை செய்தவர் என்றதும் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். ஷாமில், உங்கள் கணவரைப் பற்றி ஒரு நாடகம் போட்டேன், உங்களைக் கேட்காமல் போட்டது பிழை என்றான். அவர் கோபப்படவில்லை. என்ன போட்டீர்கள், சொல்லுங்கள் என்றார்.

அவன் கதிரையில் இருந்தபடியே சொன்னான். எட்டுக் கட்டில், விடியற்காலை, தாள், பெட்டி. அந்தச் சின்ன வீட்டில் நடிக்க இடமில்லை. அழவும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. செருப்பு வந்த இடத்தில் யோகேஸ்வரி இடைமறித்தார்.

"அந்தச் செருப்பு அவரோடது இல்லைங்கண்ணே. அவரு காலுக்கு அது பெருசு. பெட்டியத் தொறந்த அன்னைக்கே தெரியும். யாரோடதோ, அவங்க தேடுவாங்களேன்னு எடுத்து வச்சிருக்கேன்."

எழும்பிப் போய் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். தூசு தட்டித்தான் வைத்திருந்தார். ஷாமில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த அறையில் இருந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். யாருடையது என்று தெரியவில்லை. கதவடியில் கிடந்ததில் ஒரு சோடியை எடுத்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். அப்படியானால் ராஜலிங்கத்தின் செருப்பு என்ன ஆனது என்பதும் தெரியவில்லை.

றுமைஸா அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை, அங்கே எல்லோருக்கும் ஒரே மொழிதானே என்றார் என்னிடம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்டி வரும்வரை அழுததாகவும், தம்பி அதைப் பார்க்காததுபோல இருந்ததாகவும் சொன்னார்.

அடுத்த வருடம் ஷாமில் மறுபடி பெயர் கொடுத்தான். அதே நாடகம், அதே மேல்மாடி. ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். யோகேஸ்வரி சம்மதித்ததால் ராஜலிங்கம் என்ற முழுப் பெயரையே வைத்திருந்தான். ஒரு கதிரை மட்டும். அதில் இருந்து எழும்பவேயில்லை. கடைசியில் யோகேஸ்வரி சொன்னதை, யாரோடதோ, அவங்க தேடுவாங்களேன்னு என்பதை, அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு நிறுத்தினான். நாடகம் முடிந்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கவே சற்று நேரம் எடுத்தது. கைதட்டல் போன வருடத்தைவிடக் குறைவு. ஆனால் ஆட்கள் படியிறங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். யோகேஸ்வரியும் மகளோடு வந்திருந்தார். பின்வரிசையில் இருந்தார். தெல்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஷாமிலிடம் மட்டும் ஒரு சொல் பேசிவிட்டுப் போனார்.

இந்த முறை நான் றுமைஸாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வரிசை வந்தது. முதலாம் இடம், ஒரு வீட்டுக்குள் ஒருவரோடொருவர் கதைக்காமலே ஒரு நாளைக் கழிக்கும் இரண்டு மருமகள்களைப் பற்றிய சிங்கள நாடகம். இரண்டாவது, பொம்மைகளை வைத்து ஆங்கிலத்தில் ஒன்று. மூன்றாவது, மாத்தளைப் பையன்கள் போட்ட நகைச்சுவை. நான்காவது: "எட்டுக் கட்டில். போன வருடம் இதைப் பார்த்தவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் கொஞ்சம் அவசரப்படுகிறார். மற்றபடி, நான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை."

உம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னும் மூணு பேரு முன்னுக்கு ஈக்கிறாங்களா?" என்றாராம். போன பெருநாளன்றே வட்ஸ்அப் குழுவுக்குத் திரும்பியிருந்த பஸ்லினா அதில் ஒரு சிரிக்கிற படம் போட்டாள்.

ஷாமிலுக்கும் நான்காம் இடத்தில் குறை இருந்தது. அதனால் மறுநாள் மாலை வீட்டுக்குப் போகும் மாத்தளை பஸ்ஸில் அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாதாடிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலாவதும் இரண்டாவதும் சரி, அவற்றை அவனும் பார்த்தான், ஒத்துக்கொள்கிறான். அந்த மாத்தளைப் பையன்கள் தனக்கு முன்னால் வருவதுதான் எப்படி என்று கேட்டான். றுமைஸா அவர்கள் நாடகத்தில் பாட்டி விழும் இடத்தைச் சொன்னார். அது ஒரு இடம்தானே என்றான் அவன். இல்லை, அதற்கு முன்னாலிருந்தே அவள் விழுவதற்கு ஆயத்தமாகிறாள், நீ கவனிக்கவில்லை என்றார் இவர். ஷாமில் எழும்பி நின்று, பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டி எப்படி விழுந்தாள் என்று செய்து காட்டினான். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் வெளியே பார்த்தபோது பஸ் இறங்க வேண்டிய அலவத்துகொடையைக் கடந்து வெகுதூரம் போயிருந்தது.